வெளுப்பு மருந்து போக வேண்டிய இடம்



ஜவ்வரிசி வாங்க வரும் வெளியூர் வியாபாரி முதலில் செய்வது என்ன? மூட்டையைக் குத்தி ஒரு கை சாம்பிள் எடுக்கிறார். உள்ளங்கையில் பரப்பி வாசல் வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிறார். பால் போல் வெளுத்திருந்தால் ஒரு ரேட். சற்றே மங்கலாக இருந்தால் மூட்டைக்கு இத்தனை ரூபாய் குறைவு. வேகவைத்துப் பார்ப்பதில்லை, வாயில் போட்டுப் பார்ப்பதும் இல்லை. கண்ணுக்கு வெள்ளையா என்பது ஒன்றுதான் பரீட்சை. வடக்கே மராட்டியத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் விரத நாட்களில் ஜவ்வரிசி கிச்சடி செய்கிற தாய்மார்கள் வெள்ளையைத்தான் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்று தரகர்கள் சொல்லுவார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

மரவள்ளியைத் தோல் முழுவதும் சீவி அரைத்தால் மாவு தானாகவே வெள்ளையாக வரும். தோல் சீவக் கூலி ஆகிறது, எடையும் குறைகிறது. தோலோடு அரைத்தால் மாவு மங்கும். அந்த மங்கலை மறைக்கத்தான் சில இடங்களில் பிளீச்சிங் திரவமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் மாவுத் தொட்டியில் விழுகின்றன. உணவுப் பண்டத்தை இப்படி வெளுக்க வைப்பது சட்டப்படி கூடாது. சேலம், ஆத்தூர் பக்கத்து ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை போட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் பலமுறை படித்திருக்கிறோம்.

நாம் இங்கே எழுத வந்தது கலப்படத்தைப் பற்றி மட்டும் அல்ல. அதே பெராக்சைடு ஆலையின் முன்பக்கத்தில் வேண்டாத சரக்கு. பின்பக்கத்தில், கழிவுநீர் போகும் வழியில், மிகவும் வேண்டிய சரக்கு. வெயிலையும் அதனோடு கூட்டிக்கொண்டால் தண்ணீரில் கரைந்திருக்கும் விஷத்தை உடைத்துவிடலாம் என்று உலகத்தில் பல இடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். முன்பக்கம் விழுகிற மருந்தைப் பின்பக்கம் திருப்ப வேண்டும் என்பதே நம் கருத்து. அது விஞ்ஞானிகள் வேலை, ஆலைக்காரர் வேலை, நமக்கென்ன என்று தள்ளிவிட முடியாது. முன்பக்கம் மருந்து விழுவதற்குக் காரணமான ரேட் வித்தியாசம் நம் கடைத்தெருவில் அல்லவா நிர்ணயமாகிறது?

நம் கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. ஆனால் நம் கல்லாப்பெட்டியின் ஜாதகம் அதற்கு வெகு முன்பே எழுதப்பட்டது. கரும்பு, நெல், மக்காச்சோளம், மரவள்ளி இந்த நான்கும் விலை போனால் மளிகைக் கடையில் பற்று வசூலாகும். போகாவிட்டால் சிட்டை நோட்டு தடிக்கும். கல்வராயன் மலையில் சாமையும் தினையும் கடுக்காயும் புளியும்தான் ஒரு காலத்தில் கீழே இறங்கும் சரக்கு. இன்று சரிவுகளில் மரவள்ளி ஏறியிருக்கிறது. அறுத்த கிழங்கு லாரியில் இறங்கி சின்னசேலம், ஆத்தூர், சேலம் என்று ஆலைகளுக்குப் போகிறது.

இந்தத் தொழில் நம் பக்கத்துக்கு வந்த கதை அநேகருக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர் ஜவ்வரிசி வரத்து நின்றுபோனது. 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பெயர் பெற்ற சரக்கு. ஆகவே பெயர் கெடாமல் காப்பதும் நம் பொறுப்பில் வருகிறது.

ஜவ்வரிசி தண்ணீரில் பிறக்கும் பண்டம். கிழங்கைக் கழுவத் தண்ணீர், அரைத்ததிலிருந்து பால் எடுக்கத் தண்ணீர், திப்பியை அலசத் தண்ணீர், மாவைத் தெளிய விடத் தண்ணீர். இந்தத் தண்ணீரோடு இரண்டு சங்கதிகள் வெளியே போகின்றன. ஒன்று, மாவுச்சத்தும் நாரும். இது விஷமல்ல. ஆனால் புளித்து நாறி, தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். ஆலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னலைச் சாத்தச் செய்வது இதுதான். இரண்டாவது, வாடையால் தெரியாதது.

மரவள்ளிக் கிழங்கில், குறிப்பாகத் தோலில், லினமாரின் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. கிழங்கை வெட்டி அரைக்கும்போது கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி அதை உடைத்து சயனைடை வெளியே விடுகிறது. மரவள்ளித் தழையையும் தோலையும் பசியோடு தின்ற ஆடு வயிறு உப்பி விழுவது நம் கிராமங்களுக்குப் புதிதல்ல. இதைக் கேட்டு ஜவ்வரிசி வாங்க வருபவர் பயப்பட வேண்டாம். கழுவி, தெளியவிட்டு, சூட்டில் வேகவைத்து, வெயிலில் காயவைத்து முடிப்பதற்குள் சரக்கிலிருந்து பெரும்பகுதி போய்விடுகிறது. ஒரு பங்கு காற்றோடு, மற்றது தண்ணீரோடு. சரக்கை விட்டுப் போனது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

ஆறு குளங்களில் விடும் கழிவுநீரில் சயனைடு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சுற்றுச்சூழல் விதிகள் சொல்கின்றன. அதாவது மொட்டை மாடியில் நிற்கிற ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் இன்னும் கடுமை, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கோமுகியும் மணிமுக்தாவும் வருஷமெல்லாம் ஓடுகிற ஆறுகள் அல்ல. மழைக்காலம் போனால் நம்மைக் காப்பது கிணறும் போர்வெல்லும்தான். ஓடுகிற ஆற்றில் விட்ட கழிவு கடலுக்காவது போகும். ஓடாத ஆற்றங்கரையில் விட்டது மண்ணுக்குள்தான் இறங்கும்.

இனி வெயிலுக்கும் விஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம். சந்தேகம் இருந்தால் வீட்டில் தாய்மார்களைக் கேளுங்கள். வேட்டியில் பட்ட மஞ்சள் கறை சோப்புக்கு அசையாது. நனைத்து இரண்டு நாள் வெயிலில் போட்டால் காணாமல் போகும். மளிகைக்காரர்களுக்கு இதே சங்கதி நஷ்டக் கணக்காகத் தெரியும். கண்ணாடி ஜாடியில் முன்வரிசையில் வைத்த மிளகாய்த்தூள் நிறம் வெளிறுகிறது. வெயில் படுகிற இடத்தில் வைத்த கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது. வெளிச்சமும் பிராணவாயுவும் சேர்ந்து சரக்கை உடைக்கின்றன. நமக்கு எதிரியாக இருக்கிற இந்தச் சக்தியைக் கழிவுநீரில் வேலைக்கு வைப்பதுதான் விஷயம்.

வெறும் வெயில் போதாது, மெதுவாகவே நடக்கும். பெராக்சைடைத் தண்ணீரில் கலந்து புறஊதாக் கதிர் பாய்ச்சினால் பெராக்சைடு இரண்டாகப் பிளந்து ஹைட்ராக்சில் என்ற துணுக்கு பிறக்கிறது. ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட இது சும்மா நிற்காது. பக்கத்தில் எது கிடைத்தாலும் பாய்ந்து கடிக்கும். சாயமோ, பூச்சிமருந்தோ, பீனாலோ, தொடர்ந்து கடிபட்டால் கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீருமாக முடியும். பிளீச்சிங் பவுடரைவிட இது பல மடங்கு மூர்க்கமானது.

இன்னொரு வழியும் உண்டு. வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை கொடுப்பது டைட்டானியம் டையாக்சைடு என்ற பொடி. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் போன்ற தாதுக்களிலிருந்து எடுப்பது. 1972-ல் ஜப்பானில் ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற இருவர் இந்தப் பொருளின் மேல் வெளிச்சம் பட்டால் தண்ணீரே பிரிகிறது என்று எழுதினார்கள். 1977-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க், பார்ட் என்ற இருவர் இந்தப் பொடியைத் தண்ணீரில் கலக்கி வெளிச்சத்தில் வைத்து, தண்ணீரில் இருந்த விஷத்தை உடைத்துக் காட்டினார்கள். எந்த விஷம் தெரியுமா? நம் மரவள்ளிக் கழிவில் இருக்கிற அதே சயனைடு! இந்த வித்தையைத் தண்ணீர்ச் சுத்திகரிப்புக்குக் கொண்டுவந்த ஆரம்பப் பரிசோதனைகளில் ஒன்றே அதுதான். அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. நம் மாவட்டத்துக்கு வந்துசேர இன்னும் பஸ் கிடைக்கவில்லை போலும்.

மற்ற ஊர்களுக்குக் கிடைத்திருக்கிறது. நெதர்லாந்து நாட்டில் ஆன்டைக் என்ற இடத்தில் ஏரித் தண்ணீரில் கலந்த பூச்சிமருந்தை உடைக்க 2004-லிருந்து புறஊதா விளக்கும் பெராக்சைடும் வைத்துக் குடிநீர் கொடுத்தார்கள். கலிபோர்னியாவில் ஆரஞ்சு கவுன்டியில் 2008 முதல் சாக்கடைத் தண்ணீரையே வடிகட்டி, முடிவில் இதே புறஊதா, பெராக்சைடு வழியில் சுத்தம் செய்து நிலத்தடிக்கு அனுப்புகிறார்கள். நம் சென்னை கோயம்பேட்டில் 2019-ல் திறந்த நிலையத்தில் சாக்கடை நீரைச் சுத்தப்படுத்தித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும்போது ஓசோன் சேர்க்கிறார்கள். அதுவும் இந்தக் குடும்பத்து மருந்துதான்.

நமக்குப் பொருத்தமானது ஸ்பெயின் நாட்டு அல்மேரியா. நம்மைப் போலவே வெயில் கொளுத்தும், மழை குறைந்த ஊர். பிளாஸ்டிக் கூடாரங்களில் காய்கறி பயிரிடுகிறார்கள். பூச்சிமருந்து காலி டப்பாக்கள் மலைபோல் சேர்ந்தன. டப்பாவைக் கழுவி மறுசுழற்சி செய்யலாம், கழுவிய தண்ணீரை என்ன செய்வது? 2004 வாக்கில் அதற்கென்றே ஒரு நிலையம் வைத்து, வளைந்த பளபளப்புத் தகடுகளின் நடுவே கண்ணாடிக் குழாய்களை ஓடவிட்டு, தண்ணீரில் இரும்பு உப்பும் பெராக்சைடும் கலந்து வெயிலில் சுற்றவைத்தார்கள். விளக்குக்குக் கரண்டு பில் இல்லை. சூரிய ஒளியில் புறஊதா நூற்றுக்கு நாலைந்து பங்குதான் என்றாலும், நம் ஊர் சித்திரை வெயிலில் அந்த நாலைந்துக்குப் பஞ்சமா?

இதற்குமேல் படிப்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். உடைப்பது நல்லது என்று கேட்டுவிட்டு நாளைக்கே யாராவது ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரை வாய்க்காலில் கொட்டிவிடக் கூடாது. எதுவரை உடைக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இதை நம் ஊருக்கு எவரும் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். அன்றாடம் கூலி வாங்கி அன்றைக்கே கடையில் அரிசி பருப்பு வாங்கிப் போன குடும்பங்கள்தான் அதிகம். மெத்தனால் வயிற்றுக்குள் போனதும் கல்லீரல் அதை உடைக்கத்தான் செய்கிறது. முதற்படியில் ஃபார்மால்டிஹைடு, அடுத்த படியில் ஃபார்மிக் அமிலம். கண் பார்வையைப் பறித்து மூச்சை அடைப்பது முக்கியமாக இந்த இரண்டாம் படிச் சரக்கே. அதையும் உடைத்துக் கரியமில வாயுவாக்கும் கடைசிப் படி மனித உடம்பில் மெல்லத்தான் நடக்கிறது. அதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. தண்ணீரில் கலந்த மெத்தனாலைப் பெராக்சைடும் ஒளியும் உடைப்பதும் இதே படிகளில்தான். நேரமும் மருந்தும் போதுமானால் கடைசிப் படிக்குப் போய்ச் சேரும். போதாவிட்டால் அரைக்கிணறு தாண்டின கதை.

ஜவ்வரிசிக் கழிவிலும் இந்த அரைக்கிணற்று ஆபத்து உண்டு. அது புளித்த தண்ணீர், அமிலத் தன்மை உள்ளது. அதில் நேரே பிளீச்சிங் போட்டால் சயனோஜன் குளோரைடு என்ற விஷவாயு கிளம்பும். தொட்டி ஓரத்தில் நிற்கிற வேலையாள்தான் முதலில் விழுவார். சுண்ணாம்பு போட்டு நன்றாகக் காரமாக்கிய பிறகே அந்த மருந்தைப் பேச வேண்டும். காரத் தண்ணீரில் சயனைடு, சயனேட் என்ற மிகக் குறைந்த விஷமுள்ள பொருளாக மாறும். மேலும் தொடர்ந்தால் நைட்ரஜனும் கரியமில வாயுவுமாகப் போகும். அப்படியும் குளோரின், மிச்சமிருக்கிற மாவுக் கழிவோடு சேர்ந்து வேறு கெட்ட பொருள்களை உண்டாக்கும் குணம் உள்ளது. அதனால்தான் பெராக்சைடு மேல் என்கிறோம். தன் வேலையை முடித்தபின் அது விட்டுப்போவது தண்ணீரும் பிராணவாயுவும் மட்டுமே.

பெராக்சைடிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரும்பு உப்போடு சேர்த்துப் போடும் முறையை 1894-ல் ஃபென்டன் என்ற ஆங்கிலேயர் எழுதினார். அல்மேரியாவில் செய்தது அதன் பேரப்பிள்ளை. சாயத்துக்கும் பூச்சிமருந்துக்கும் அது கெட்டிக்கார மருந்து. சயனைடுக்கு மட்டும் ஆகாது. சயனைடு இரும்பைக் கண்டால் இறுகப் பிடித்துக்கொண்டு உடையாமல் நிற்கும். பார்வைக்கு ஒழிந்ததுபோல் இருந்து, பிறகு வெயில் பட்டு மெல்ல மெல்ல விடுபடும். ஆகவே மரவள்ளிக் கழிவுக்கு இரும்பு வேண்டாம். டைட்டானியப் பொடியும் வெயிலும், அல்லது காரத் தண்ணீரில் பெராக்சைடும் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு விஷத்துக்கும் மருந்து வேறு. தோல் பதனிடும் ஆலைக் கழிவில் இருக்கும் சாதாரணக் குரோமியத்தின் மேல் வெளுப்பு மருந்தைப் போட்டால், அது இன்னும் கொடிய ஆறாம்நிலைக் குரோமியமாகக்கூட மாறும். ஆக, இது மந்திரம் அல்ல. தெரிந்தவர் மேற்பார்வையில் செய்ய வேண்டிய காரியம்.

(இடையே ஒரு வார்த்தை. நம்மில் சிலர் குடோனில் பெராக்சைடு கேன் வைத்திருக்கிறோம். சணல் கோணி, மரத்தூள், எண்ணெய் டின் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது, தீப்பிடிக்க வல்லது. பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குப் பக்கத்தில் ஆசிட் பாட்டில் கூடவே கூடாது.)

கட்டுமா என்பது அடுத்த கேள்வி. வியாபாரிகளாகிய நாம் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். தண்ணீரில் உள்ள அழுக்கை உடைக்க எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்பதை சி.ஓ.டி. என்று அளக்கிறார்கள். ஒரு கிலோ சி.ஓ.டி.யைப் பெராக்சைடு ஒன்றைக் கொண்டே தீர்ப்பதானால், கலப்பில்லாத பெராக்சைடு சுமார் 2.1 கிலோ ஆகும். மாவுக் கழிவு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் சி.ஓ.டி. உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டரில் ஐந்து கிலோ. அதற்கு ஐம்பது சதவீதச் சரக்கு இருபத்தொரு கிலோவுக்கு மேல் தேவை. எந்த முதலாளியும் இதைக் கேட்டதும் எழுந்து போய்விடுவார், போக வேண்டியதுதான். மாவுச்சத்தைப் பெராக்சைடு போட்டு உடைப்பது நெய் ஊற்றி அடுப்பெரிப்பது போல.

மாவை உடைக்கக் கூலி கேட்காத ஆட்கள் இருக்கிறார்கள், கிருமிகள்! மூடிய தொட்டியில் கழிவுநீரைத் தேக்கினால் அவை மாவைத் தின்று எரிவாயு கொடுக்கும். சேலம் பக்கத்தில் பல சேகோ ஆலைகள் இந்த எரிவாயுவில் இன்ஜின் ஓட்டுகின்றன, வறுக்கும் அடுப்பும் எரிக்கின்றன. அதன்பிறகு காற்றூட்டித் தெளியவைத்து, விதிப்படி சி.ஓ.டி. 250-க்குக் கொண்டுவந்த தண்ணீர் என்றால், ஆயிரம் லிட்டருக்கு அதே ஐம்பது சதவீதச் சரக்கு ஒரு கிலோ சொச்சம் போதும். இருபதில் ஒரு பங்கு! தண்ணீரும் அப்போது தெளிந்திருக்கும், வெயில் உள்ளே நுழையும். கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் ஒரு விரற்கடைகூட இறங்காது. ஆகவே முதலில் எரிவாயுத் தொட்டி, பிறகு தெளிவு, கடைசியில் வெயிலும் மருந்தும். இந்த வரிசையை மாற்றினால் பணம் வாய்க்காலில்தான் போகும்.

கடைசிப் படிக்கும் செலவு இருக்கவே செய்யும். அதைச் செய்யாவிட்டால் ஆகும் செலவை நாம் திருப்பூரில் பார்த்தோம். நொய்யலின் குறுக்கே 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் சாயக்கழிவு தேங்கி, தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கீழேயுள்ள விவசாயிகளே கெஞ்சும்படி ஆயிற்று. பேச்சு வார்த்தையும் வழக்கும் வாய்தாவுமாக ஆண்டுகள் போயின. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே வீச்சில் நிறுத்தப்பட்டன. பட்டறை நின்றால் கூலி நிற்கும், கூலி நின்றால் மளிகைக் கடைப் பற்று நிற்கும். திருப்பூரிலாவது சங்கடம் பெரிது. சாயத்தின் நிறத்தை ஓசோன் உடைக்கும், வெளிச்சம் உடைக்கும், ஆனால் கரைந்த உப்பை எதுவும் உடைக்காது. அதனால் அவர்கள் கோடிக்கணக்கில் போட்டு வடிகட்டி, கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்க வேண்டியதாயிற்று. நமக்கு அந்தத் தலைவிதி இல்லை. மரவள்ளிக் கழிவில் இருப்பது பெரும்பாலும் உடையக்கூடியது. உடையக்கூடிய விஷத்தை உடைக்காமல் விட்டு நாமும் ஒரு தடை உத்தரவுக்குக் காத்திருப்பது எந்த ஊர் வியாபாரம்?

எனவே நம் சங்கத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறோம்.

முதலில் ரேட். வெள்ளைக்கு என்று தனியாகக் கூட்டிக் கொடுக்கும் வழக்கத்தை நம் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும். ஒருவர் நிறுத்தி ஒருவர் கொடுத்தால் பயனில்லை. தோல் சீவி அரைத்த சரக்கு, மருந்து போடாத சரக்கு என்று பரிசோதனைச் சீட்டு காட்டுபவருக்கு அந்தக் கூடுதலைக் கொடுப்போம். வடக்கத்தி வியாபாரி போய்விடுவார் என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். சிறிது காலம் போகத்தான் செய்வார். ஆனால் அவருடைய ஊரிலும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார், சாம்பிள் தேறவில்லை என்றால் மூட்டை நம் தலைக்கே திரும்பும். தோல் சீவினால் இன்னொரு லாபமும் உண்டு. சயனைடு அதிகம் உள்ள தோல் தண்ணீரில் அரைபடாமல் தனியாகவே போய்விடும். வாசலிலேயே பாதி விஷம் தடுக்கப்பட்ட மாதிரி.

அடுத்தது ஒரு மாதிரி நிலையம். ஒவ்வொரு சிறிய ஆலையும் தனித்தனியே வெயில் குழாய் போட முடியாது, போடச் சொல்வதும் நியாயமல்ல. எரிவாயுத் தொட்டி ஏற்கனவே உள்ள ஏதாவது ஓர் ஆலையின் பின்புறத்தில் சிறிய அளவில் ஒன்று அமைத்து, கோடையிலும் மழையிலுமாக ஓராண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். மேகமூட்டத்தில் எவ்வளவு குறைகிறது, பொடியைத் தண்ணீரிலிருந்து திரும்ப எப்படிப் பிரிப்பது, மருந்துக்கு மாதம் என்ன ஆகிறது என்பதெல்லாம் ஓட்டினால்தான் தெரியும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நமக்கு எட்டும் தூரம். மரவள்ளிக்கென்றே மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் திருவனந்தபுரத்தில் 1963 முதல் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் ஆலை உரிமையாளர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து இவர்களை அழைக்க வேண்டும். அழைப்பை நம் சங்கம் அனுப்பலாம். ஆலைக்காரர் அழைத்தால் அதிகாரி சந்தேகப்படுகிறார், அதிகாரி அழைத்தால் ஆலைக்காரர் வருவதில்லை. இரண்டு பேருக்கும் கடன் கொடுத்துப் பழகியவர்கள் நாம்.

உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒன்று. காலி டப்பாவைத் தோட்டக்காரர் வாய்க்காலில் அலசுகிறார், பிறகு அதிலேயே குடிதண்ணீர் பிடிக்கிறவர்களும் உண்டு. கழுவிக் கழுவி வாய்க்காலில் விடுவதற்குப் பதில், அந்த அலசல் தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி வயலில் அடிக்கச் சொல்லலாம். டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தால் அடுத்த பில்லில் சிறு தள்ளுபடி கொடுக்கலாம். அல்மேரியாவில் நடந்ததும் முதலில் டப்பா சேர்ப்பதில்தான் ஆரம்பம். வெயில் குழாய் பிறகு வந்தது.

வீட்டுக்குப் புறஊதா விளக்கு வைத்த வடிகட்டி வாங்கிவிட்டோம், எங்களுக்கு என்ன கவலை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சிறிய விளக்கு கிருமியைக் கொல்லும். கரைந்திருக்கும் ரசாயனத்தை உடைக்க அதற்கு வலு கிடையாது, பெராக்சைடும் அதில் இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரை ஆறு மணி நேரம் வெயிலில் வைத்துக் குடிக்கும் முறைக்கும் இதே வரம்புதான். கிருமிக்கு நல்லது, விஷத்துக்கு உதவாது.

ஆலைப் பக்கத்தில் கிணறு உள்ள உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்பாகத் தண்ணீர்ப் பரிசோதனை செய்து சீட்டோடு வந்தால் பேச்சு உருப்படியாக இருக்கும். சயனைடுக்குச் சாம்பிள் எடுப்பது சாதாரண உப்புப் பரிசோதனை போல அல்ல. திறந்த பாத்திரத்தில் வெயிலில் வைத்தால் வழியிலேயே ஆவியாகி, இல்லாதது போல் காட்டும். பரிசோதனைச் சாலையிலேயே சுத்தமான பாட்டிலும், அதில் போடக் காஸ்டிக் சோடாவும் கேட்டு வாங்கி, வாய் வரை நிரப்பி மூடி, வெளிச்சம் படாமல் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுசேர்க்க வேண்டும். காஸ்டிக் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பரிசோதனைச் சாலையிலும் சயனைடு பார்ப்பதில்லை. புறப்படுமுன் போனில் கேட்டுக்கொண்டால் பஸ் செலவு மிச்சம்.